கதவுக்கு முன்னால் ஒரு சாரம்

எத்தனையோ கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர் அண்ணன். தான் கட்டியது நூலளவுகூடச் சாயாது என்று மார்தட்டிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் காலையில் எழுந்ததும், வீட்டு மாடிக் கூடத்தின் மேற்கூரைக்குப் பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். கனகச்சிதம்! தூங்கிக்கொண்டிருந்த தங்கையின் அறைக்கதவு கூடத்துப் பக்கம்தான் திறக்கும் என்பதை மட்டும் மறந்துவிட்டார், மகானுபாவர்.

"அண்ணா! கதவு திறக்கலை!"

மணி எட்டரை. பத்து மணிக்கு அவளுக்கு நேர்காணல். கட்டுமானக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி வேலை. இரண்டு வருஷம் நாயாய் அலைந்து கிடைத்த அழைப்பு.

"கதவை மறிக்கிற குழாயை மட்டும் கழட்டேன்!"

"அடியில கை வச்சா மேல இருக்கறது தலையில விழும். உச்சியிலேருந்துதான் பிரிக்கணும். ரெண்டு மணி நேரம் ஆகும்டி."

"ரெண்டு மணி நேரமா? நல்லா இருப்பே நீ!"

அண்ணன் மாடியிலிருந்து தலைதெறிக்க இறங்கி ஓடினார். வாசலில் நின்ற தன் லாரியில் மிச்சமிருந்த சாரச் சாமான்களை அவள் அறையின் ஜன்னலுக்குக் கீழே இறக்கினார். நல்லவேளை, அந்த ஜன்னலுக்குக் கம்பியில்லை.

முதலில் தரையில், உயரத்தைச் சரிசெய்ய நான்கு திருகு ஜாக்கிகள். அவற்றின்மேல் நிற்கும் குழாய்கள். குறுக்கே படுக்கைக் குழாய்கள். மூட்டுக்கு மூட்டு ஆப்பு வைத்து, டங் டங்கென்று ஓர் அடி. சாய்வுக் குழாயை மாட்டியதும் ஆட்டம் நின்றது. பிறகு பலகை, கைப்பிடி, ஏணி. ஜன்னலில் நின்று தங்கை ஒவ்வொன்றுக்கும் "சீக்கிரம்! சீக்கிரம்!" என்று கத்தினாள். தெருவே கூடிவிட்டது. ஒன்பதரைக்கு அவள் ஃபைலைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்கியபோது கைதட்டல் காதைப் பிளந்தது.

சாயங்காலம் அவள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"சாரத்தை எந்த வரிசையில கட்டணும்னு கேட்டாங்கண்ணா! ஜாக்கியிலேருந்து ஏணி வரைக்கும் மூச்சு விடாம ஒப்பிச்சேன். திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க!"

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பெயின்ட் கையோடு ஒரே குதி குதித்தார். தான் கட்டிய குழாயிலேயே மண்டை 'ணங்'கென்று மோதியது.

தங்கை பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, 'ஏறக் கூடாது' என்று எழுதிச் சாரத்தில் கட்டினாள்.

"என்னடி இது?"

"வெளியே போற வழி அடைபட்டிருக்கு. பிரிங்க மேஸ்திரி!"

மண்டையைத் தடவிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, அண்ணன் உச்சியிலிருந்து பிரிக்கத் தொடங்கினார்.