நாலாம் சடங்கு முடியட்டும்

ஒரு பந்தியைப் பாதியில் எழும்ப விட்டவர் என்ற பேச்சை அரியரத்தினம் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அதுவும் நடந்தது. மகள் ஆதிரையின் நாலாம் சடங்கு. கலியாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு மீனும் இறைச்சியுமாய் மச்சச் சாப்பாடு போடும் நாள். ஒருவருக்கும் லீவு கிடைக்காததால் ஒன்பதாம் நாளில் வைத்தார்கள். இறைச்சிக்கறியைச் சம்பந்தி செல்வராசாவுக்கு முன்னால் வைத்த மனைவி புஷ்பமலர், நிமிர ஏலாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த பெண் டொக்டர் சொன்னதை மாப்பிள்ளை கீர்த்தனன் தமிழாக்கினான்.

"மாமா, பெருங்குடல் சுவரிலை சின்னச் சின்னப் பையள் மாதிரி வந்திருக்காம். அதிலை ஒண்டு அழண்டு, சீழ்கட்டி வெடிச்சிட்டுது. உடனே ஒப்பரேசன். வயித்தைப் பெரிசா வெட்டாமல், நாலு துளை போட்டு, கமரா விட்டுச் செய்யப் பாக்கினம். நோ எப்ப தொடங்கினது? குளிசை ஏதும் போட்டவவோ?"

கட்டிலில் கிடந்த புஷ்பமலர் முந்திக்கொண்டாள். "இண்டைக்குக் காலமைதான். குளிசை ஒண்டும் இல்லை."

தன்னைக் காப்பாற்றவே அப்படிச் சொல்கிறாள் என்பது அரியரத்தினத்துக்கு விளங்கியது. புதன்கிழமையே இடது அடிவயிறு நோகுதென்றாள். உடம்பும் காய்ந்தது. "டொக்டரிட்டை ஒருக்காப் போவமே?" என்று கேட்டவளுக்கு, "நாலாம் சடங்கு முடியட்டும். தாய்க்காரி வருத்தக்காரி எண்டால் பெட்டையையும் சேர்த்தெல்லோ கதைப்பினம்" என்றவர் அவர். தன் முழங்கால் நோக் குளிசையை நாளுக்கு மூன்றாக எடுத்துக் கொடுத்தவரும் அவர்.

வாசலில் செல்வராசா, புஷ்பமலரின் குளிர்க்கோட்டைக் கையில் போட்டபடி நின்றார். டொக்டர் பேனையோடு காத்திருந்தாள்.

"தம்பி, சொல்லுங்கோ," என்றார் அரியரத்தினம். "புதன்கிழமையிலிருந்து நோ. காய்ச்சலும். என்ரை குளிசையை நான்தான் குடுத்தனான். டொக்டரிட்டைப் போகவேண்டாம் எண்டதும் நான்தான்."

கீர்த்தனன் சொன்னான். டொக்டர் எழுதிக்கொண்டே ஏதோ கேட்டாள், கடைசியில் ஒரு சின்ன வசனம் சொன்னாள். அதை அவன் தமிழாக்கவில்லை. புதன்கிழமையே கொண்டுவந்திருக்க வேண்டும் என்பதை விளங்க, இருபது வருசம் இங்கே வேலை செய்த காதுக்கு ஆள் தேவையில்லை.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபின் செல்வராசா பக்கத்தில் வந்து இருந்தார்.

"சம்பந்தி, பொம்பிளை பாக்க வந்த அண்டு நான் நிண்டுகொண்டு தேத்தண்ணி குடிச்சது ஞாபகமே?"

"ஓம். நல்ல மரியாதையான மனிசன் எண்டு இவளுக்குச் சொன்னனான்."

"மரியாதையும் மண்ணும். மூலம். அண்டைக்கு இருக்க ஏலாமல் கிடந்தது."

அரியரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கவேண்டியவள் உள்ளே கிடந்தாள்.

மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு டொக்டர் வந்தாள். சீழைக் கழுவி, பழுதான துண்டை வெட்டி, குடலைப் பொருத்தியாயிற்று, துளைகளோடு சமாளித்தார்கள். இன்னும் சில நாள் கவனமாகப் பார்க்கவேண்டும்.

புஷ்பமலர் கண் திறந்ததும் கேட்டாள்: "சம்பந்தி ஆக்கள் வடிவாச் சாப்பிட்டவையே?"

ஓம் என்று சொல்லத்தான் வாய் போனது.

"இல்லை," என்றார். "ஒருத்தரும் சாப்பிடேல்லை. புதன்கிழமை நீ கேட்டனி. நான்தான் மறிச்சனான். அவைக்கும் சொல்லிப்போட்டன்."



"அப்ப கறியைப் பிறிட்ஜுக்குள்ளை வைக்கச் சொல்லுங்கோ," என்று மற்றப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.