இடமிருந்து மூன்றாவது, உதவியாளர்

1

இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல. ஒப்பந்த வேலையாக வந்தது. துடியலூர்ப் பக்கம் ஒரு மோட்டார் பம்பு கம்பெனி, ஐம்பதாம் ஆண்டு மலருக்கு 'நாங்கள் கணினிக்கு மாறிய கதை' எழுதச் சொன்னது. முதல் வரியையும் அவர்களே கொடுத்தார்கள்:

தொலைநோக்கு கொண்ட முதலாளி திருமூர்த்தி, 1988ஆம் ஆண்டில்...

[வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. தொலைநோக்கு கொண்டவருக்குப் பக்கத்து மேசை தெரியவில்லை.]

2

பக்கத்து மேசையில் இருந்தவர் செவ்வந்தி. மோட்டாருக்கு எத்தனை சுற்றுக் கம்பி சுற்றுவது என்று சொல்லும் புரோகிராமை எழுதியவர். நான்கு பேர் நாள் முழுக்கப் போட்ட கணக்கை அது ஐந்து நிமிடத்தில் போட்டது. மலருக்கான புகைப்படத்தின் கீழே அவர், 'இடமிருந்து மூன்றாவது, உதவியாளர்.'

(முதல் வரைவில் அவரை அழவைத்திருந்தேன். அழுகிற பெண் வாசகருக்கு வசதி. நேரில் அவர் அழவில்லை, அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

ஓய்வுபெற்றிருந்த செவ்வந்தியை மகளிர் தினத்தன்று பாராட்ட அழைத்தார்கள். ஒரு பொன்னாடை, கோலப் போட்டிக்கு நடுவர் பொறுப்பு. (கிண்டல் இல்லை, அழைப்பிதழிலேயே இருந்தது.) மேடையில் திருமூர்த்தி அவர் காதருகே குனிந்தார்.

"ஏனுங்க அம்மணி, அந்தப் பழைய புரோகிராம் புதுக் கம்ப்யூட்டர்ல ஓட மாட்டேங்குதுங்க. இங்கிருக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியலைங்க. வந்ததோட சரி பண்ணிப்போட்டுப் போயிருங்க."

"உதவியாளருக்கு அதெல்லாம் தெரியாதுங்களே. எழுதுனவரைக் கூப்புடுங்க."

"எழுதுனதே நீங்கதானுங்க!"

"அதை மைக்குல சொல்லுங்க. இப்பவே பார்த்துத் தாரேன்."

திருமூர்த்தி மைக்கைப் பிடித்தார். பெண் என்றால் தாய், பெண் என்றால் நதி என்று இருபது நிமிடம் பேசினார். பெயர் மட்டும் வரவில்லை. செவ்வந்தி பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். புரோகிராம் இன்றுவரை ஓடவில்லை.

4

நான் வீரமாக எழுதினேன்: 'இந்தப் புரோகிராமை எழுதியவர் செவ்வந்தி.' புரூப் திரும்பி வந்தபோது, 'ஒரு பெண் ஊழியரின் ஒத்துழைப்போடு' என்றிருந்தது. செவ்வந்திக்குப் போன் செய்து புலம்பினேன்.

"இந்தக் கட்டுரை உங்க பேர்லதான் வருதுங்களா?"

"இல்லைங்க. முதலாளி பேர்ல. தன்னைத் தானே புகழ்ந்துக்கற மாதிரி."

சிரித்தார். "அப்பறம் என்னைய எதுக்குங்க கேக்கறீங்க?"

வைத்துவிட்டார்.

5

முடிவு அ: புரூப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

முடிவு ஆ: அதைக் கிழித்து...

உங்களுக்கு ஆ-தான் பிடிக்கும், நல்லவர்கள் நீங்கள். ஆறு மணிக்கு அச்சகத்து ஆள் வருகிறார். பேனா இதோ. வந்து நீங்களே செய்யுங்கள், பார்ப்போம்.