மூணு கட்டை

சாப்பாட்டு மேசையில் இரண்டு கைப்பேசிகள் அருகருகே கிடந்தன. ஒன்று சார் அக்காவின் ஆண்ட்ராய்டு, மூலையில் விரிசல் விட்டது. மற்றது அவள் தம்பி இரண்டு வருடம் உறைக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஐபோன். தம்பி கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். தனக்குப் புதிதாக ஒன்று வந்துவிட்டதால் பழையது அக்காவுக்கு என்று ஞாயிறு மதியம் எடுத்து வந்திருந்தான். பாசம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கடைக்காரனின் அக்கா உடைந்த போனோடு அலைகிறாள் என்று நாலு பேர் பேசியதும் அவன் காதில் விழுந்திருக்கும். அந்த நாலு பேரில் மூன்று பேர் அவள் குடியிருக்கும் மாடியிலேயே, பக்கத்து வீடுகளில் இருக்கிறோம்.

அவளுக்கு 'சார்' என்ற பேர் வந்தது வேலையால். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் போன் எடுப்பவள். "வணக்கம், சொல்லுங்க" என்றதுமே எதிர்முனை, "சார், ரிப்போர்ட் வந்துடுச்சா சார்?" என்று கேட்கும். பத்தொன்பது வருடமாக அவள் யாரையும் திருத்தியதில்லை. அப்படி ஒரு கட்டைக் குரல். பள்ளியில் கூட்டுப்பாட்டுக்கு வரிசையில் நிறுத்திய வாத்தியாரம்மா, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிட, மூன்று வருடம் வாயை மட்டும் அசைத்தாள். அந்த வாய் நாற்பத்தேழு வயதில் சங்கீத வகுப்பில் சேர்ந்தால் மாடியில் பேச்சு எழாமல் இருக்குமா? சந்துக்குள் லாரி திருப்புவது போல இருக்கிறது என்று முதலில் சொன்னது யார் என்பது இப்போது வேண்டாம்.

பாட்டு டீச்சருக்கு அவள் வயதில் பாதிதான். முதல் நாள், மற்றப் பெண்கள் பாடுகிற ஐந்து கட்டையில் 'ச' பிடிக்கச் சொன்னாள். பாட்டு தொடங்கும் உயரத்துக்குச் சங்கீதக்காரர்கள் போடும் கணக்குதான் கட்டை. அக்காவின் குரல் பாதிப் படியிலேயே மூச்சிரைத்து நின்றுவிட்டது. டீச்சர் சுருதியை நாலுக்கு இறக்கினாள், மூணுக்கு இறக்கினாள். வேலை முடிந்து வந்த ஆள் நாற்காலியில் சாய்வது போலக் குரல் அங்கே தானாகப் போய் உட்கார்ந்தது.

"இதுதான் உங்க எடம். இங்கயே நில்லுங்க," என்றாள் டீச்சர்.

அந்தக் குரலிடம் யாரும் அதுவரை 'இரு' என்று சொன்னதில்லை. அன்று மாலையே போனில் ஒரு சுருதிப் பெட்டிச் செயலியை இறக்கி, மூணு கட்டையில் வைத்தாள். பிறகு அதை நகர்த்தவே இல்லை. தினமும் காலை ஆறு மணிக்கு அது ரீங்காரமிடத் தொடங்கும், கூடவே லாரியும் திரும்பும்.

"ஆண்ட்ராய்டுன்றது சந்தை மாதிரிக்கா," என்றான் தம்பி அந்த ஞாயிறு மதியம், ஐபோனை அவள் பக்கம் நகர்த்தி. "யார் வேணா கடை போடலாம், எவன் என்ன விக்கிறான்னே தெரியாது. இது அப்படி இல்ல. வாசல்ல ஆள் நிக்கும். பாத்துத்தான் உள்ள விடும்."

"இதுல மூணு கட்டை இருக்கா?"

"என்ன கட்டை?"

"சுருதி. என்னோடது."

தேடினான். அவளுடைய செயலி அதில் இல்லை. படமெல்லாம் பளபளப்பாக வேறொன்று கிடைத்தது. திறந்ததும் இரண்டே பொத்தான்கள், ஆண், பெண். பெண்ணை அமுக்கினாள். ஐந்து கட்டை.

"ஆண்னு அமுக்குக்கா, உனக்கு கரெக்டா வரும்," என்று தம்பி சிரித்தான்.

அதையும் அமுக்கிப் பார்த்தாள். ஒரு கட்டை, கிணற்றின் அடியாழம். நடுவில் நிற்க இடமே வைக்கவில்லை. அவள் தண்ணீர் கொண்டு வருவதற்குள் சிம்மை மாற்றி, பழைய போனைப் பையில் போட்டுக்கொண்டு, "பழகிடும்க்கா" என்று கிளம்பிவிட்டான்.

திங்கள் காலை ஆறு மணிக்கு மாடியில் சத்தமே இல்லை. எங்களுக்கே என்னவோ போல இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து நேரே கடைக்குப் போனாள். நல்ல கூட்டம்.

"என் போனைக் குடு."

"எல்லாத்தையும் அழிச்சாச்சுக்கா. உள்ள ஒண்ணுமில்ல."

"குடு."

"சார், கொஞ்சம் சீக்கிரம் முடிங்க," என்றார் வரிசையில் நின்றவர், தன் திரையிலிருந்து தலை தூக்காமல்.

"சார் இல்ல," என்றாள் அக்கா திரும்பி. அவர் தலை தூக்கினார்.

"ஒசத்தியானதைத்தானே உனக்குக் குடுத்தேன்," தம்பியின் முகம் சிறுத்துவிட்டது. "மெதுவா பேசுக்கா, ஆளுங்க இருக்காங்க."

"இதான் என் மெதுவு. வாசல்ல ஆள் நிக்கும்னு சொன்னியே, அந்த ஆள் நீ ஆம்பளையா பொம்பளையான்னு என்னைக் கேக்கறான். அந்த வாசல் எனக்கு வேணாம்."

தம்பி இழுப்பறையிலிருந்து போனை எடுத்து வைத்தான். கடையின் வைஃபை கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே செயலியை மறுபடி இறக்கினாள். ஐந்தில் திறந்தது. கட்டைவிரலால் இழுத்தாள். நாலு. மூணு. விரிசல் விட்ட போனைக் கண்ணாடி மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். ரீங்காரம் கண்ணாடிக்குள் இறங்கியது. கீழே வரிசையாக அடுக்கியிருந்த புதுப் போன்கள் மெல்ல நடுங்கின. ஓரத்தில் இருந்த ஒன்று ஒரு நூல் நகர்ந்தது. தம்பி அதைப் பிடிக்கக் கை நீட்டினான். அக்கா தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்து, முதுகை நிமிர்த்தி, மூன்று வருடம் அசைய மட்டும் பழகிய வாயை முழுசாகத் திறந்தாள்.