துண்டுக்கடியில் ஒரு புரதம்

தீவுத் தலைநகரின் டிராங்கெபார் பேட்டையில் இருந்த பெண்கள் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, அறுபத்தேழில் மூன்று பெரிய மனிதர்கள் கூடினார்கள். தலைவர் சின்னன், பக்கத்து ரோட்ரிக்ஸ் தீவிலிருந்து கப்பலில் வரும் ஆடுகளுக்குத் தரகர். விநாயகம் பருப்பு மொத்த வியாபாரி. மார்செல் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். மூவருக்கும் அறிவியல் தெரியாது என்பதால் பாரபட்சத்துக்கு இடமில்லை.

சென்னையில் படித்துவிட்டு வந்த பார்வதி மாதிரிப் பாடம் எடுத்தாள். வேலை கிடைக்காவிட்டால் லாங் மவுண்டன் கிராமத்தில் அண்ணனின் துணிக்கடையில் ரிப்பன் வெட்ட வேண்டும். அறையில் பேச்சு முழுக்கக் கிரியோல், தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழி. 'மாமா' மட்டும் தமிழ்.

"ஆட்டுக்கறியிலே புரதம் இருக்கு. அதை வயித்துல வெட்டுறதும் ஒரு புரதம்தான். ரெண்டும் சந்திச்சு, ஒரு கணம் கை கோத்து, வெட்டு முடிஞ்சதும் பிரிஞ்சிடும். கறி துண்டாகும். வெட்டினது மாறாம அடுத்ததைத் தேடிப் போகும்."

சின்னன் தொண்டையைக் கனைத்தார். "ஒரு கணம் சேர்றது, பிரியறது, அடுத்ததைத் தேடிப் போறது. வயசுப் பொண்ணுங்களுக்கு இதையா சொல்லித்தருவே?"

"வயித்துக்குள்ளேதானே நடக்குது," என்றார் மார்செல்.

"எங்கே நடந்தாலும்! தையல் போதும். அறிவியல் வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு மேலே வேண்டாம். ஒரு வகுப்புக்குத் தனியா ஆள் எதுக்கு?"

பார்வதி சின்னனின் தோளில் கிடந்த துண்டைக் கேட்டாள்.

துறைமுகத்தில் ஆட்டு விலை துண்டுக்கடியில்தான் படியும். மூடிய துணிக்குள் ஒருவர் மற்றவரின் விரல்களைப் பிடித்து எண்ணிக்கை சொல்வார். பிடிக்காவிட்டால் வாய்விட்டு 'இல்லை' என்று சொல்ல வேண்டும். பேசாமல் கையை எடுத்தால் அந்த எண்ணுக்கே பேரம் படிந்ததாகக் கணக்கு. சின்னன் இந்த வழக்கத்திலேயே இரண்டு மாடி வீடு கட்டியவர்.

"கை கொடுங்க மாமா. நீங்க கறி, நான் வெட்டுற புரதம்."

கொடுத்தார். அவள் துண்டைப் போர்த்தி, அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்து அழுத்தினாள்.

"இப்போ சேர்ந்திருக்கோம். விடாமலே இருந்தா?"

"என்ன ஆகும்?"

"வேலை நின்னுடும். பச்சை சோயாவிலே ஒரு புரதம் இருக்கு. வயித்துல வெட்டுறதைப் பிடிச்சா லேசுல விடாது. வேக வைக்காம தின்னா கறி செரிக்காது."

"அது தெரியும்," என்றார் விநாயகம், வயிற்றைத் தடவியபடி.

"பாடம் புரிஞ்சிருந்தா விடுங்க மாமா."

தனக்குப் புரிந்தது என்று காட்ட, சின்னன் கம்பீரமாகக் கையை வெளியே எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"எத்தனை விரல்?" என்றார் விநாயகம்.

"அஞ்சு," என்றாள் பார்வதி. "வாரத்துக்கு அஞ்சு வகுப்பு."

"ஆயோ! இது பாடம்! வியாபாரமா?" என்றார் சின்னன்.

"துண்டு உன்னோடது, கை உன்னோடது, பேசாம எடுத்ததும் நீ. துறைமுகத்துல போய் யாரையாவது கேட்போமா?" என்றார் விநாயகம்.

சின்னனுக்கு நாளையும் துறைமுகத்தில் பேரம் பேச வேண்டியிருந்தது. மார்செல் நியமனத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். சின்னன் கையெழுத்துப் போட்டுவிட்டுத் துண்டை உதறிப் பார்த்தார். உள்ளே எதுவும் இல்லை.

"துண்டு வழக்கம் உனக்கு எப்படித் தெரியும்?"

"துறைமுகத்துல உங்ககிட்ட ஆடு வாங்கின வீடுதான் மாமா எங்களது."

சின்னன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ரெண்டுல ஒண்ணு மாறாம வெளியே வரும்னு சொன்னியே..."

"ஆமாம்," என்றாள் பார்வதி, சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே. "நான் அப்படியேதான் இருக்கேன்."