செல்லப்பனும் இறங்கிப் போன பாலம்

பல்லக்கின் உச்சியிலிருந்த பிளாஸ்டிக் மயில் இரும்புச் சட்டத்தில் இடித்துக் கழுத்தொடிந்து தொங்கிய பிறகுதான் டிராக்டர் டிரைவர் பிரேக்கை மிதித்தான். பறை நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். உள்ளே மூங்கில் தட்டியில் படுத்திருந்த செல்லப்பனின் நெஞ்சின் மேல் கொஞ்சம் சாமந்தி உதிர்ந்தது.

அமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெற்ற அப்பன் சாவில் சிரிக்கிறாளே என்று ஊர் வாயில் விழ வேண்டாமென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தச் சட்டத்தை அங்கே வைக்கச் சொன்னதே செல்லப்பன்தான். நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளராக இருந்தவர். செஞ்சிக்குப் போக ஆற்றில் புதுப் பாலம் வந்த பிறகும், குறுக்குவழி என்று செங்கல் லாரிகள் வெள்ளைக்காரன் காலத்து இந்த வளைவுப் பாலத்தில்தான் ஏறின. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் பெயர்ந்தே போனது. மனுஷன் ஆபீசுக்கு நடையாய் நடந்து, பாலத்தின் இரு முனையிலும் உயரத் தடுப்பு போட வைத்தார். ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலமானால் தடுப்படியில் நின்று, வருகிற வண்டிகளைக் கைநீட்டித் திருப்பிவிடுவார். அவர் பெண்டாட்டி அம்மாக்கண்ணு தலையில் அடித்துக்கொள்வாள்.

பிள்ளைகளிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: கடைசியில் தன்னை இந்தப் பாலத்தின் மேல்தான் எடுத்துப் போக வேண்டும். மகன் சிவசங்கர் சென்னையிலிருந்து ஓடி வந்து, எண்பது தாண்டியவரின் கல்யாணச் சாவு என்று மூன்று அடுக்குப் பல்லக்கு சொன்னான். தடுப்பு அவன் நினைவுக்கே வரவில்லை.

"புதுப் பாலத்தால போயிடலாம்பா, பொழுது சாயுது" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"வாணாம். நைனாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்" என்றான் சிவசங்கர்.

மாலையோடு வந்திருந்த சாலை ஆய்வாளர் எழிலரசன் போனை எடுத்தார். "நாலு போல்ட்டுதான் தம்பி. நம்ம பசங்கள வரச் சொல்றேன். கழட்டிட்டு அப்பறம் மாட்டிக்கலாம். பெரியவருக்காக இதுகூட செய்ய மாட்டமா?"

சிவசங்கர் தலையாட்டப் போனான்.

"கழட்டக் கூடாது" என்றாள் அமலா.

பெண்கள் பாலத்து முனையோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். அதற்கு மேல் சுடுகாடு வரை எல்லாம் ஆண்கள் பாடு. அதனால் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா நீ? நைனா ஆசப்பட்டாரு இல்ல?"

"ஆசப்பட்டாரு. என் கல்யாணத்தன்னிக்கி மேல பீரோ ஏத்தின மாப்ள வேன இங்கதான நிறுத்தினாரு? பட்டுப்பொடவயோட என்னியும் எறக்கி நடக்க வச்சாரு. எங்க மாமியா இன்னிக்கும் சொல்லிக் காட்டுது. யாருக்குனா இந்தச் சட்டத்த கழட்ட உட்டாரா? இப்ப கழட்டினா எழுந்து உக்காந்துக்குவாரு."

"எழுந்துக்கினாலும் எழுந்துக்குவாரு" என்றாள் அம்மாக்கண்ணு, அழுது வீங்கிய முகத்தோடு. கூட்டம் குபீரென்று சிரித்தது.

"அப்ப இன்னாதான் பண்றது?" என்றான் சிவசங்கர்.

"எல்லாரையும் எறக்கினாரு இல்ல? அவரும் எறங்கிப் போவட்டும்."

சிவசங்கர் கொஞ்ச நேரம் மயிலையே பார்த்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதல் ஆளாக டிராக்டரில் ஏறினான். மூங்கில் தட்டியின் ஒரு முனை அவன் தோளில், இன்னொன்று எழிலரசன் தோளில். சட்டத்துக்கு அடியில் செல்லப்பன் தாராளமாக நுழைந்தார்.

பாலத்தின் மேல் யாரும் வெடி வைக்கவில்லை, ஆடவுமில்லை. காலிப் பல்லக்கு புதுப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அங்கே பைக்கில் வந்தவர்கள் இறங்கி நின்று அதற்குப் பக்தியாகக் கும்பிடு போட்டார்கள்.

பெண்கள் தலைமுழுகத் திரும்பினார்கள். அமலா மட்டும் தடுப்படியில் நின்றாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. நன்றாக அழுதாள்.

பின்னால் ஹாரன் சத்தம். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று பாலத்தைப் பார்த்து வந்தது. அமலா முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

டிரைவர் தலையை வெளியே விட்டான். "இன்னாக்கா, பெரியவரு இன்னிக்கி டூட்டிக்கி வரலியா?"

"வந்துட்டாரு. பாலத்து மேல இருக்காரு."

அவன் லாரியைப் பின்னுக்கு எடுத்தான். அது புதுப் பாலத்துச் சாலைக்குத் திரும்பி முடிக்கும்வரை அமலா நீட்டிய கையை இறக்கவில்லை.