அளவெடுத்துப் போட்ட பெருக்கல் குறி

"உங்கப்பா பாறையில வெட்டின உருளைக்கிழங்கு நிலவறையில, பனி உருகுறப்பல்லாம் வாளி வாளியா தண்ணி இறைக்கிறது யாரு? நீதானே தர்மோ. மூணு மீட்டர்லயே உன்னால பாறையை நம்ப முடியல. நானூறு மீட்டருக்குக் கீழ என்னை நம்பச் சொல்றியா?"

ஹெலி இப்படிக் கேட்டதும், தைமியின் மளிகைக்கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டோம். எங்கள் ஊரில் யாரும் நாலு பேர் முன்னால் குரலை உயர்த்துவதில்லை. அபூர்வமாக ஒருவர் உயர்த்தும்போது முழுதாகக் கேட்பதுதான் மரியாதை என்பது என் கட்சி.

அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளைச் செம்புக் குடுவைகளில் அடைத்து, சுற்றிலும் களிமண் திணித்து, எங்கள் ஊர்ப் பாறைக்கடியில் புதைக்கப் போகிறார்கள். லட்சம் வருடம் அசையாமல் கிடக்க வேண்டுமாம். எந்தச் சுரங்கம் எங்கே போகும், எந்தக் குழியில் எந்தக் குடுவை என்று வரைகிறவன் தர்மோ. துளைபோட்டு எடுத்துவரும் கல்தண்டுகளைப் பார்த்து, அந்த இடம் தேறுமா தேறாதா என்று எழுதுகிறவள் ஹெலி. இருவருக்கும் ஜூன் மாதம் திருமணம். நான் லினன் மேசைவிரிப்பு ஒன்றைப் பரிசாக வாங்கிப் பரிசுத்தாளிலும் சுற்றிவிட்டேன்.

"மெதுவா பேசு. எல்லாரும் கேக்குறாங்க" என்றான் தர்மோ, என்னைப் பார்த்து.

"கேக்கட்டும். அவங்க பேரப்பிள்ளைங்க குடிக்கிற கிணத்துத் தண்ணிதானே."

ஹெலி பையிலிருந்து முன்கை நீளக் கல்தண்டு ஒன்றை எடுத்து, இலவங்கப்பட்டை ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டாக உடைந்த கல். உடைப்பின் ஓரத்தில் மஞ்சளில் ஒரு பெருக்கல் குறி.

அது என்னவென்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கல்தண்டு அதை அடுக்கிவைக்கும் பெட்டிக்குள் அடங்காவிட்டால் துளைபோடுகிறவர்களே சுத்தியலால் உடைப்பார்கள்; உடைத்த இடத்தில் பெருக்கல் குறி போடுவார்கள். 'இது நாங்கள் உடைத்தது, பாறையின் குற்றமில்லை' என்று அர்த்தம். குறி இல்லாத உடைப்பு பாறையின் சொந்த விரிசல்.

"குறி இருக்கே" என்றாள் தைமி.

"இருக்கு அக்கா. நான் எழுதுறப்ப இல்ல. லீவு முடிஞ்சு வந்து பாக்குறேன், இருக்கு. கொஞ்சம் வினிகர் குடுங்க."

தைமி ஊறுகாய் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொடுத்தாள். உடைந்த முகத்தில் வெள்ளையாகப் படிந்திருந்ததை ஹெலி வெண்ணெய்க்கத்தியால் சுரண்டி, அதன்மேல் வினிகரை விட்டாள். பொடி பொங்கி நுரைத்தது. அதன் சத்தம் எங்கள் மேசைவரை கேட்டது.

"இந்தச் சுண்ணாம்பு, இந்த விரிசல் வழியா தண்ணி ஓடி ஓடிப் படிஞ்சது. சுத்தியல் அடிச்சா சுண்ணாம்பு படியுமா?"

"துளைபோடுற பசங்க தப்பா குறி போட்டிருப்பாங்க."

"அவங்க கோணல்மாணலா கிறுக்குவாங்க தர்மோ. இதைப் பாரு. ரெண்டு கோடும் ஒரே நீளம், நட்டநடுவுல வெட்டுது. பெருக்கல் குறியைக்கூட அளவெடுத்துப் போடுறவன் இந்த மாவட்டத்துலயே ஒருத்தன்தான்."

தர்மோவின் கழுத்து சிவந்தது. பிறகுதான் உண்மை வந்தது. வரைபடம் கையெழுத்தாகி மேலிடத்துக்குப் போய்விட்டதாம். அந்த விரிசல் உண்மையானால் ஆறு குழிகள் போய், சுரங்கத்தையே திருப்ப வேண்டுமாம்.

"செம்பு இருக்கு, களிமண் இருக்கு. ஒரே ஒரு விரிசல். என்ன ஆயிடும்?"

"அப்ப என்னை எதுக்கு வேலைக்கு வச்சிருக்கீங்க? பெட்டியில ஒட்டின சீட்டுல என் பேரு இருக்கு. என் பேருக்குக் கீழ நீ பொய் எழுதியிருக்க."

"ரெண்டு மாசத்துல கல்யாணம், ஹெலி."

"அதையும் வரைஞ்சு அனுப்பிட்டியா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்கு நடந்தபோது எனக்கே கோபம் வந்தது. லட்சம் வருடக் காரியத்தை ஒரு மஞ்சள் பென்சிலால் முடிக்கப் பார்த்திருக்கிறான், அதுவும் நான் கைக்குழந்தையிலிருந்து பார்த்த பையன்.

ஹெலி கல்லைத் துணியில் சுற்றி அரசாங்க மேற்பார்வை அலுவலகத்துக்குத் தானே கொண்டுபோனாள். இலையுதிர்காலத்துக்குள் ஆறு குழிகளும் வரைபடத்திலிருந்து போயின. சுரங்கம் மேற்கே திரும்பியது. நிர்வாகம் அவளுக்கு நன்றிக்கடிதம் ஒன்று அனுப்பியது. புதுச் சுரங்கத்தை வரையும் வேலையைத் தர்மோவுக்கே கொடுத்தது, அனுபவம் உள்ளவனாம். அந்த வாரமே ஹெலி வேலையை விட்டு, வடக்கே ஒரு சுரங்க ஊருக்குப் போய்விட்டாள்.

தர்மோ மறுவருடம் தைமியின் தங்கை மிர்வாவைக் கட்டிக்கொண்டான். நிலவறையில் இப்போது இருவருமாகத் தண்ணீர் இறைக்கிறார்கள்.

மேசைவிரிப்பை நான் போன செப்டம்பரில் தபாலில் வடக்கே அனுப்பினேன். ஹெலி கட்டிக்கொண்டவன் துளைபோடுகிறவன். நன்றி அட்டையில் அவன் கையெழுத்தும் இருந்தது. கோணல்மாணலாக.