நேர்ந்துவிட்ட மானின் கொம்பு

நவம்பரில் ஒரு காலை, தேநீருக்குப் பனியை உருக்கிக்கொண்டிருந்தேன். கூடாரத்தின் தோல்மேல் பட்பட்டென்று ஏதோ விழும் சத்தம் கேட்டது. என் கணவன் எதெய்கோ போர்வைக்குள்ளிருந்தே, "அடுப்புல கொழுப்பு தெறிக்குதா?" என்றான். "அடுப்பு சும்மாதான் இருக்கு. வெளியில மழை" என்றேன். அவன் சிரித்தான். நவம்பரில் மழை என்றால் வடதுருவத்தை ஒட்டிய எங்கள் யமாலில் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்தான். அதற்குப் பிறகு இந்தப் பனிக்காலம் முழுவதும் அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.

மறுநாளும் பெய்தது. அதற்கடுத்த நாள் காற்று வடக்கே திரும்பி, நனைந்த பனியெல்லாம் ஒரே வீச்சில் இறுகியது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை யாரோ கண்ணாடியை உருக்கி ஊற்றிவிட்டுப் போனதுபோல் இருந்தது. சில இடங்களில் குனிந்து பார்த்தால் அடியில் மான்கள் தின்னும் பாசி தெரிந்தது. எங்கள் மந்தை மான்களுக்கும் தெரிந்திருக்கும். அவை மூக்கை வைத்து மோந்து, முன்னங்காலால் ஓங்கி ஓங்கி வெட்டிப் பார்த்தன. குளம்பு வழுக்கியது. சாயங்காலத்துக்குள் அந்தக் கண்ணாடிமேல் அங்கங்கே சிவப்புத் தடம் விழுந்துவிட்டது.

இந்த மண்ணில் இருப்பதெல்லாம் குளிருக்குப் பழகியவை. வில்லோ இங்கே மரமாக நிற்காது. காற்று தலைக்குமேல் போகட்டும் என்று தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். பனிக்கௌதாரி காலில் இறகாலேயே செருப்புப் போட்டிருக்கும். பனிமானின் ஒவ்வொரு மயிரும் உள்ளே குழல். அதில் காற்றை அடைத்துக்கொண்டு அது புயலில் நிம்மதியாகப் படுத்துத் தூங்கும், முதுகில் விழுந்த பனிகூட உருகாது. கோடையில் சதுப்பு நிலத்துக்காக மெத்தென்று இருக்கும் குளம்பு, பனிக்காலம் வந்ததும் ஓரம் கூர்மையாகி மண்வெட்டியாகிவிடும். பாசியும் லேசுப்பட்டதில்லை. ஒரு விரற்கடை உயரம் வளர, ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் சேர்கிற காலம் எடுத்துக்கொள்ளும். ஈரம் இல்லையென்றால் செத்ததுபோல் கிடந்து, ஈரம் பட்டதும் எழுந்துகொள்ளும். இத்தனை சாமர்த்தியமும் குளிருக்குத்தான். பனிக்காலத்து மழைக்கு யாரும் எதற்கும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

எங்கள் கூடாரத்தில் மூன்று பேர். நான், எதெய்கோ, அவனுடைய அண்ணன். மூத்தார் பெயரை நான் சொல்லக் கூடாது, அதனால் இங்கேயும் சொல்லவில்லை. அவர் முன்னால் சால்வையால் வாயை மறைத்துக்கொள்ள வேண்டும், நேராகப் பேசவும் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் நாயிடம்தான் பேசுகிறேன். "நோகோ, மீன் வெந்துடுச்சு, சாப்பிட வரலாம்" என்பேன். அவரும் நாயைப் பார்த்து, "நோகோ, உப்பு கொஞ்சம் தூக்கல்னு சொல்லு" என்பார். நாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். எங்கள் குடும்ப விவகாரம் அந்த நாய்க்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

போன கோடையில் படகில் வந்த வியாபாரி இளங்கொம்பு கேட்டான். மருந்துக்காம். வழக்கமாகக் கடாக்களின் கொம்பைத்தான் அறுத்துக் கொடுப்போம். அந்தத் தடவை எதெய்கோவுக்குப் பனி ஸ்கூட்டர் பைத்தியம் பிடித்திருந்தது. பெட்டைகளின் கொம்பையும் சேர்த்து அறுத்தான். "பெட்டைக் கொம்புல கைவைக்காதடா" என்று மூத்தார் ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் சொல்ல அவர் வாயில் வராது. ஸ்கூட்டர் வந்தது. பெட்ரோல் தீர்ந்து இப்போது கூடாரத்துக்குப் பின்னால் பனிக்குள் புதைந்து கிடக்கிறது, அதன் கைப்பிடியில் நான் காலுறை காயப் போடுகிறேன்.

பெட்டைக்குக் கொம்பு எதற்கு என்பது இங்கே பிறந்த எல்லாருக்கும் தெரியும். கடாக்கள் சண்டையெல்லாம் முடிந்து இலையுதிர்காலத்தோடு கொம்பை உதிர்த்துவிடும். வயிற்றில் கன்றோடு இருக்கும் பெட்டைக்கு மட்டும் கன்று போடும்வரை கொம்பு நிற்கும். பாசிக்காகப் பனியில் அவள் தோண்டிய குழிக்கு இன்னொருத்தன் வந்தால் தலையைத் தாழ்த்திக் காட்டுவாள், அவன் விலகிப் போவான். சறுக்குவண்டி இழுக்கும் காயடித்த வண்டிமான்களுக்கும் கொம்பு நிற்கும், அது தனிக்கதை. சாதாரண வருஷத்தில் எல்லாருக்கும் குழி கிடைக்கும், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இது சாதாரண வருஷம் இல்லை.

பனிக்கால இருட்டு முடிந்து சூரியன் திரும்பி வந்தபோது மந்தையில் பாதி இல்லை. போன வசந்தத்தில் பிறந்த கன்றுகள் முதலில் போயின, பிறகு கிழங்கள். நரிகள் மட்டும் நன்றாகக் கொழுத்திருந்தன. நாங்கள் மூவரும் கடப்பாரையும் கோடரியுமாகப் போய் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பனிக்கட்டியை உடைத்தோம். நாள் முழுக்க உடைத்தால் ஒரு கூடாரம் போடும் அளவு இடம் திறக்கும். திறந்ததும் வண்டிமான்கள் கொம்பை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். மொட்டைத் தலையோடு பெட்டைகள் எட்டி நின்று பார்க்கும். துரத்தினால் வண்டிமான்கள் போகும். கோடரியை எடுக்கக் குனிந்தால் திரும்பி வந்துவிடும்.

"அப்ப எனக்கென்ன தெரியும், மழை வரும்னு?" என்றான் எதெய்கோ. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

"மழை தெரியாது சரி. கொம்பு எதுக்குன்னு தெரியுமில்ல?"

அவன் கடப்பாரையை இன்னும் வேகமாகக் குத்தினான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்க எனக்கு அப்போது தெம்பில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்த்துக்கொண்டிருந்த வவ்லியோவுக்கு முன்பொரு முறை இப்படித்தான் மந்தை முழுக்கப் போனது. குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அறைக்குள் வெக்கை தாங்கவில்லை என்று அவன் படிக்கட்டில் தோல் அங்கியோடு உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் பாட்டில் இருக்கும். ஏறி இறங்குகிறவர்கள் அவனைத் தாண்டிப் போவார்கள். போன வருஷம் பார்த்தபோது என்னிடம், "உங்க பெட்டைங்க எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டான். எதெய்கோவை அந்தப் படிக்கட்டில் வைத்து நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் கோடரியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

மந்தை பிழைக்க வேண்டுமென்றால் வெள்ளைமூக்கி பிழைக்க வேண்டும். தாய் செத்த கன்றாகக் கொண்டுவந்து கூடாரத்துக்குள் மீன்கஞ்சியும் ரொட்டியும் கொடுத்து நான் வளர்த்தவள். இப்போது எல்லாப் பெட்டைகளுக்கும் அவள்தான் முன்னத்தி. வசந்தத்தில் அவள் வடக்கே நடந்தால் மற்றவை பின்னால் நடக்கும், அவள் நிற்கும் இடத்தில்தான் கன்று போடும். வயிறு பெருத்து, முதுகெலும்பு கத்திபோல் துருத்திக்கொண்டிருந்தது. மாவு மூட்டை காலியாகும்வரை ரொட்டி கொடுத்தேன். அது தீர்ந்த பிறகும் அவள் கூடாரத்துக்கு வந்து என் கையை மோந்து பார்த்துவிட்டு நிற்பாள்.

வண்டிமான்களின் கொம்பை அறுத்துவிடலாம் என்று எதெய்கோ சொன்னான். மூத்தார் தலையாட்டினார். ஒவ்வொன்றாகப் பிடித்து அறுத்தார்கள். நிலைமை கொஞ்சம் மாறியது. பெட்டைகள் தைரியமாகக் குழிக்கு வர ஆரம்பித்தன. அப்போதுதான் அந்த ஒரு மான் எங்கள் கண்ணில் பட்டது. இத்தனை நாளும் கொம்புகளுக்கு நடுவில் ஒரு கொம்பாக இருந்தது, இப்போது அது மட்டும்தான் கொம்பு.

மூத்தார் ஒரு வசந்தத்தில் ஆற்றுப் பனி உடைந்து உள்ளே விழுந்து, காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். அப்போது காயடித்துச் சாமிக்கு நேர்ந்துவிட்ட கன்று அது. அதன் விலாவில் சூரியக் குறி போட்டிருக்கிறது. அதன் கழுத்தில் கயிறு விழாது, உடம்பில் இரும்பு படாது, பெண்பிள்ளை தொடக் கூடாது. அது இருக்கும்வரை அவர் இருப்பார். அவர் அதை நம்பினார். நானும் நம்பினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மான் குழி குழியாகப் போய் இரண்டு வாய் தின்னும், அடுத்த குழிக்கு வரும். வெள்ளைமூக்கி எந்தக் குழியில் தலையை வைத்தாலும் அதற்கு அந்தக் குழிதான் வேண்டும். கட்டிவைக்க முடியாது, கயிறு ஆகாது. இரண்டு தடவை அவளை விலாவில் முட்டித் தள்ளியது. இரண்டாவது தடவை விழுந்தவளை நாங்கள் மூவரும் சேர்ந்துதான் தூக்கி நிறுத்தினோம்.

அன்றைக்கு மதியம் குழியோரத்தில் உட்கார்ந்து வெறும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நான் நாயைப் பார்த்தேன்.

"நோகோ, இன்னும் ஒரு கொம்பு பாக்கி இருக்கு."

எதெய்கோ கோப்பையைக் கீழே வைத்தான். "வாய மூடு."

"நான் நாய்கிட்டதான பேசறேன்."

"நாய்கிட்டயும் பேசாத."

மூத்தார் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே, "நோகோ, அது யாரு உசுருன்னு அவளுக்குத் தெரியுமான்னு கேளு" என்றார்.

நாய் என்னைப் பார்த்தது. அந்தப் பக்கம் வெள்ளைமூக்கி காலை அகட்டி வைத்து, விழாமல் நிற்பதே வேலையாக நின்றுகொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. சால்வையை முகத்திலிருந்து இறக்கினேன்.

"தெரியும், மாமா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன். கொம்பு காய்ஞ்சு கிடக்கு, அதுக்கு வலிக்காது. உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியல. இவ போனா நமக்கெல்லாம் என்ன ஆகும்னு தெரியும்."

காற்று வெட்டிய இடத்தில் கன்னம் எரிந்தது. மூத்தார் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவர் வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும், என் வாயும் முகவாயும் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். களைத்துப்போனவர் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ரம்பத்த எடுத்துட்டு வா" என்றார். நாயிடம் சொல்லவில்லை.

எதெய்கோ எழுந்துவிட்டான். "அண்ணே, நான் புடிக்க மாட்டேன். நீ என்ன வேணா பண்ணிக்கோ, என் கை அதுல படாது." விறுவிறுவென்று போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். கோடையில் அவன் அறுத்த கொம்புக்கு இது வட்டி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"அப்ப நீ புடி" என்றார் மூத்தார் என்னிடம்.

தொடக் கூடாததைத் தொட்டேன். மான் மிரளவில்லை, அதை யாரும் இதுவரை அடித்ததில்லை. கழுத்தை அக்குளில் இடுக்கி, கொம்பின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதன் மூச்சு என் நெஞ்சில் சுட்டது. மூத்தார் ரம்பத்தை வைப்பதற்கு முன்னால் அதன் காதருகே குனிந்து, "கோவிச்சுக்காத. எனக்கு வேற வழி தெரியல. நாளைக்குக் கணக்கு கேக்கறவங்க என்னையே கேக்கட்டும், இந்தப் பொண்ண கேக்க வேணாம்" என்றார். பிறகு அறுத்தார். எலும்பு எரிந்ததுபோல் ஒரு வாடை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அழுதேன், கண்ணீர் இமையிலேயே உறைந்தது. இரண்டாவது கொம்பும் விழுந்ததும் கையை விட்டேன். மான் தலையை ஒரு தடவை உதறியது. பாரம் குறைந்தது அதற்குப் பிடித்திருந்ததோ என்னவோ, அமைதியாக நடந்து போனது.

வெள்ளைமூக்கி அதற்குள் பெரிய குழியில் தலையை விட்டிருந்தாள். பாசியைக் கடித்து இழுக்கும் சத்தம் இங்கே கேட்டது. மான் நேராக அவளிடம்தான் போனது. குழியோரம் நின்று, எப்போதும்போல் தலையைத் தாழ்த்தியது. நெற்றியில் இரண்டு வெள்ளை வட்டம் தவிர ஒன்றுமில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாயில் பாசி தொங்கியது. பிறகு அவளும் எப்போதும்போல் ஓர் அடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓர் அடி. கொம்பு போனது அதற்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. நான் பனிமேல் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் கெடுத்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை.

மூத்தார் ரம்பத்தைப் போட்டார். குனிந்து, விழுந்து கிடந்த இரண்டு கொம்பையும் எடுத்துக்கொண்டு குழியை நோக்கி நடந்தார். அந்தப் பனிக்கட்டியில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. குழிக்குள் இறங்கி, வெள்ளைமூக்கிக்கு முன்னால் அந்த மானைப் பார்த்து மண்டியிட்டு, கொம்புகளைத் தன் நெற்றியில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துப் பிடித்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினார். அவர் முதுகுக்குப் பின்னால் அவள் பாசியை நோக்கி ஓர் அடி முன்னால் வைத்தாள். அந்தப் பக்கம் நேர்ந்துவிட்ட மான் அசையாமல் நின்று, தன் கொம்பைத் தாங்கிய மனிதனைப் பார்த்தது. இரண்டு பேர் மூச்சும் நடுவில் புகையாகக் கலந்தது. மூத்தார் கொம்பைக் கீழே இறக்கவில்லை.